தொட்டுப் பார்த்த கை

இரண்டாம் ஞாயிறு என்றால் எனக்கு முந்தின நாளே குமட்டத் தொடங்கிவிடும். அன்றைக்குத்தான் எங்கள் கூட்டம். மட்டாஞ்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தை, கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்களுக்குச் சும்மா தருவார்கள். சும்மா தருவதால் யாரும் கழுவித் தருவதில்லை. முந்தின நாள் விருந்தின் பிரியாணி வாடை திரைச்சீலையில், நாற்காலித் துணியில், மின்விசிறி இறக்கையில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கம் எலும்பு நிரம்பிய நீல டிரம்கள் மூடாமல் கிடக்கும். காக்கைகள் எலும்பைத் தூக்கி வந்து சன்னல் விளிம்பில் வைத்துக் கொத்தும். உப்பும் கறியும் ஆகாத சிறுநீரக நோயாளிகள் நாங்கள் அந்த வாடைக்கு நடுவில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்வோம்.

யூசுப் இக்கா அதைச் சரியாகச் சொல்வார். பஜார் ரோட்டில் மிளகு மூட்டை சுமந்தவர் அவர். இப்போது டயாலிசிஸ் முடிந்தால் தன் சட்டைப் பொத்தானைப் போடவே உட்கார்ந்து மூச்சு வாங்குவார்.

"பசிச்ச ஆளை ஓட்டலுக்குள்ள பூட்டிட்டு, பாட்டுப் பாடுன்னு சொல்ற மாதிரி உண்டு. அல்லே மோளே?"

மகளே என்று என்னைத்தான் கேட்பார். எனக்குப் பேச்சு வராது. மனதுக்குள் நிறைய வரும், வாய்க்கு வராது. அதனால் என்னை எல்லாரும் நல்ல பெண் என்று நினைத்திருந்தார்கள்.

என் பெயர் இசக்கிசெல்வி. கூட்டத்தில் செல்வி. பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தை விட்டேன். வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டிப்போட்டால் எப்படிப் படிப்பது என்று அம்மா எல்லாரிடமும் சொல்வாள். அது பாதி உண்மை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்ருதா நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் கைக்குட்டையை மூக்கில் வைத்தாள். சிறுநீராகப் போக வேண்டியது போகாவிட்டால் அது மூச்சில் வரும். இந்த விஷயத்தைக் கூட்டத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கைக்குட்டைதான் சொன்னது. அதன் பிறகு நான் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன், பிறகு போவதை நிறுத்திவிட்டேன்.

கூட்டத்தை நடத்துகிறவர் ஸ்ரீநாத் சேட்டன். அவருக்கு அவருடைய சகோதரி சிறுநீரகம் கொடுத்தார். கூட்டுறவு வங்கி வேலையை விட்டுவிட்டு எங்களுக்காக அலைகிறார். எங்கள் ரத்தம் ஓடும் டியூபுகளும் வடிகட்டிகளும் அவர் யார் யார் வீட்டு வாசலிலோ நின்று வாங்கி வருபவை. அவர் நல்லவர். அதனால்தான் அவருடைய விதியை யாரும் மீறுவதில்லை. புதிதாக வருகிறவர்களிடம் நல்லது மட்டும்தான் பேச வேண்டும். வாந்தியைப் பற்றி, தசை பிடித்து இழுப்பதைப் பற்றி, ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்ற கணக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பயந்து ஓடிவிடுவார்களாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதைத் தொடங்கியவர் யாரென்று தெரியாது. புதிதாக வந்தவரைப் பழையவர் ஒருவரின் கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் செய்ய, முன்கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். பிஸ்டுலா என்பார்கள். அந்த இடம் புடைத்து, தோலுக்கடியில் எப்போதும் கர்ரென்று அதிரும். அதைத் தொட்டால் பயம் போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். எல்லார் கையிலும் அதிரும். என் கையில்தான் நன்றாக அதிரும், சின்ன வயது என்பதால்.

"மோளே, கை காட்டு" என்பார் ஸ்ரீநாத் சேட்டன்.

நான் கையை நீட்டுவேன். ஈரக் கை, மோதிரக் கை, வெற்றிலைக் காம்பு கிள்ளிய கை, நகத்தில் அழுக்கு நிறைந்த கை, எல்லாம் என் கைமேல் ஊர்ந்திருக்கின்றன. எல்லாரும் முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு சுற்றிப் பார்ப்பார்கள். பிறகு சிரித்துக்கொண்டு, "அயோ, நல்ல ரசம் உண்டல்லோ" என்பார்கள், ஏதோ வேடிக்கையைக் கண்டதுபோல். அந்தச் சிரிப்புதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பு. வீட்டுக்குப் போய் அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். அதிர்வு சோப்புக்குக் கீழேயும் நடந்துகொண்டிருக்கும்.

அழகம்மாள் வந்தது மழைக்காலத்தில். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. இறால் உரிக்கும் ஷெட்டில் இருபது வருஷமாக வேலை. கூட்டத்துக்கு யாரையும் துணைக்கு அழைத்து வரவில்லை. கடைசி வரிசையில், நாற்காலியின் விளிம்பில், பஸ் வந்தால் எழுந்து ஓடத் தயாராக இருப்பதுபோல் உட்கார்ந்தாள்.

"நம்மள் ஒரு குடும்பம் அல்லே? பேர் சொல்லு சேச்சி" என்றார் ஸ்ரீநாத் சேட்டன்.

"ஆஸ்பத்திரியில போகச் சொன்னாவ, வந்தேன்" என்றாள். பேரைச் சொல்லவில்லை.

வழக்கம்போல் என் கையை நீட்டினேன். அழகம்மாள் ஒரு விரலை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"ச்சீ. உள்ள என்னமோ ஊருது."

எல்லாரும் சிரித்தார்கள். அழகம்மாள் சிரிக்கவில்லை. சுற்றிப் பார்க்கவும் இல்லை. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "இது எனக்கு வேண்டாம்" என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அவளுக்கு எவ்வளவு அவசரம் என்பதை ஸ்ரீநாத் சேட்டன் அன்றைக்கே எங்களுக்குச் சொன்னார். அவள் சிறுநீரகத்தில் மிச்சம் என்று சொல்ல அதிகம் இல்லை. டாக்டர் உடனே தொடங்கச் சொல்லிவிட்டார். கையில் ஆபரேஷன் செய்தால் அது ஊசி தாங்கும் அளவுக்குத் தேறச் சில வாரங்கள் ஆகும், அதுவரை கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்யலாம். மாட்டேன் என்று வீட்டில் இருந்தால் ஒரு நாள் நுரையீரலில் நீர் ஏறிவிடும். அவ்வளவுதான்.

அவள் மாட்டேன் என்பதற்கும் காரணம் இருந்தது. சர்க்கரை நோய் அவள் சிறுநீரகத்தைப் பாதி தின்றிருந்த நேரத்தில், கொழுப்பு குறையும் என்று பக்கத்து வீட்டில் சொல்லி, வேலிமேல் காய்த்துத் தொங்கிய இரும்பன்புளியை அரைத்துத் தினமும் காலையில் ஒரு டம்ளர் சாறு குடித்திருக்கிறாள். அந்தப் புளி மிச்சத்தைத் தின்றது. எங்கள் கூட்டத்தில் அப்படி வந்தவர்கள் வேறு இரண்டு பேர் இருக்கிறார்கள். மீன் குழம்பில் போடுகிற காய் கொல்லும் என்று யார் நினைப்பார்கள்?

"எல்லாரும் நல்லது நல்லதுன்னு சொல்லுதிய" என்றாள் அழகம்மாள் போகும்போது. "அந்தப் புளியையும் நல்லதுன்னுதான் சொன்னாவ."

அவளை மனம் மாற்றும் வேலையை ஸ்ரீநாத் சேட்டன் என்னிடம் கொடுத்தார். அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி, சுக்குக் கிடங்குக்குப் பின்னால். தமிழ்க்காரி, பக்கத்துத் தெருக்காரி, சின்னப் பெண், நான்தான் சரி என்றார். "மோளே, நீ போய்ச் சிரிச்சு இருந்தா மதி, அது போதும். நல்லது மாத்திரம் சொல்லு."

போனேன். அம்மா நல்ல சுடிதார் எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சுக்குக் கிடங்கில் வேலைக்குப் போகும் வழியில் அழகம்மாளின் வாசல்வரை கொண்டுவிட்டாள்.

ஒரே அறை. அழகம்மாள் ஷெட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். விரல்கள் ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்து, நுனியில் முள் குத்திய கரும்புள்ளிகளோடு இருந்தன. அறை முழுக்க இறால் வாடை. சுவரில், பாயில், தொங்கிய சேலையில். சோப்பும் எலுமிச்சம்பழத் தோலும் போட்டு அவள் கையைத் தேய்த்துக் கழுவினாள். இரண்டு தடவை கழுவினாள். பிறகு சாயா போட்டு ஆற்றி, கண்ணாடி டம்ளரில் ஊற்றி, என் முன்னால் வைத்தாள்.

"குடி."

மறுநாள்தான் எனக்கு டயாலிசிஸ். இயந்திரத்துக்கு முந்தின நாள் என்றால் உடம்பு வீங்கியிருக்கும், நாக்கு தோல் துண்டுபோல் கிடக்கும், குடிக்கலாம் என்ற தண்ணீரெல்லாம் மாத்திரைகளோடு போய்த் தீர்ந்திருக்கும். ஒரு டம்ளர் சாயா எனக்கு ஒரு டம்ளர் சாயா அல்ல. அது படுக்கும்போது நெஞ்சில் ஏறி உட்காரும்.

"வேண்டாம் அத்தை" என்றேன்.

"ஒரு மடக்கு குடி."

"வேண்டாம்."

அவள் டம்ளரைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"எறால் கை. அதான?"

தண்ணீர்க் கணக்கைப் புதியவர்களிடம் சொல்லக் கூடாது. அது விதி. விதி இல்லாவிட்டாலும் எனக்கு அந்த நேரத்தில் பேச்சு வந்திருக்காது. என் தொண்டையில் அடைத்துக்கொண்டு நின்றதில் பாதி அந்த வாடை. அதை மறைக்கத்தான் நான் தரையைப் பார்த்தேன். தரையைப் பார்த்தது பதிலாகிவிட்டது.

"பஸ்ல இப்படித்தான் எந்திரிச்சு அடுத்த சீட்டுக்குப் போவாளுவ" என்றாள் அழகம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. "நீயுமாட்டி? ஒரே நோயி, ஒரே குடும்பம்னு அந்தாளு சொன்னாவளே. போ. போய்ச் சொல்லு, அவ வர மாட்டான்னு."

சாயாவை எடுத்து ஓடையில் கொட்டினாள். நான் சிரித்துக்கொண்டு உட்காரவே இல்லை. நல்லது எதையும் சொல்லவும் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஸ்ரீநாத் சேட்டனிடம், "வர மாட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் என் தலையைத் தட்டி, "அது சாரமில்லா, பரவாயில்ல. ஆண்டு விழாவுக்கு நான் கூட்டிக்கிட்டு வாரேன். மேடையில கண்டா மனசு மாறும்" என்றார்.

எங்கள் ஆண்டு விழாவும் அந்த மண்டபத்தில்தான். முந்தின நாள் கல்யாணம் நடந்திருந்தது. மேடை அலங்காரத்தை அவிழ்க்க ஆள் வரவில்லை. மல்லிகைச் சரங்கள் பழுத்துக் காப்பிப்பொடி நிறத்தில் தொங்கின. மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாவில் சிறப்பு விருந்தினரை உட்கார வைத்தார்கள். பெரிய துணிக்கடைக்காரர். எங்கள் டியூபுகளை வாங்கித் தருகிறவர் அவர்தான். சென்ட் வாசனை மூன்றாவது வரிசைவரை வந்தது. பிரியாணி வாடையும் அழுகின மல்லிகையும் சென்ட்டும் சேர்ந்து என் வாயில் எச்சில் ஊறியது. பசியில் ஊறுகிற எச்சில் அல்ல.

முதலில் எல்லாருக்கும் பை கொடுத்தார்கள். அம்மா எங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பேரீச்சம்பழப் பொட்டலம், ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ், மாங்காய் ஊறுகாய், தோல் சீவிய இளநீர் ஒன்று. எங்களுக்கு எது எது ஆகாதோ அது அதைத் தேடி எடுத்துப் போட்டதுபோல் இருந்தது. இளநீர் எங்களைப் போன்றவர்களின் இதயத்தையே நிறுத்திவிடும். ஊறுகாய் பாட்டிலில் விருந்தினரின் படம் ஒட்டியிருந்தது.

யூசுப் இக்கா பையைக் காதருகில் வைத்து ஆட்டினார். "ஒரு பைக்குள்ள நாலு மரணம். எது முதல்ல வேணும்னு நம்ம இஷ்டம். நல்ல மனுஷன்."

"சும்மா இருங்க" என்றாள் அம்மா. "பெரிய மனுஷர் மனசு வச்சுக் கொடுக்காரு."

அழகம்மாள் முதல் வரிசையில் இருந்தாள். ஸ்ரீநாத் சேட்டன் சொன்னபடி கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல சேலை கட்டியிருந்தாள். முகம் உப்பி, கண்ணுக்குக் கீழே பைகள் தொங்கின. அவள் மடியில் பை இல்லை. வாங்க மாட்டேன் என்றிருக்கிறாள்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எதற்கு என்று எனக்கு முன்பே சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அரைக்கை வைத்த சட்டையை அவள் எடுத்துக் கொடுத்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். மேடையில் ஏறியதும் சோபாவைக் காட்டினார்கள். அந்தக் கல்யாண சோபாவில், விருந்தினர் பக்கத்தில், நான் உட்கார்ந்தேன். பின்னால் இரண்டு பெயர்கள் ஜிகினா எழுத்தில் ஒட்டியிருந்தன, நேற்றைய மாப்பிள்ளை பெண்ணுடையவை. அந்த எழுத்துகளுக்குக் கீழே என் கையைத் திருப்பிப் பிடித்து, ஸ்ரீநாத் சேட்டன் மைக்கில் சொன்னார், எங்கள் கூட்டத்தின் வழக்கம் இது என்று, பயத்தைத் தொட்டு ஜெயிக்கிறோம் என்று.

விருந்தினர் இரண்டு விரலை வைத்தார். அவருடைய உதடு ஒரு பக்கமாக ஏறி இறங்கியது.

"அம்போ" என்றார் மைக்கில். "மொபைல் வைப்ரேட் ஆகற மாதிரி உண்டல்லோ."

சிரித்தார்கள். என் அம்மாவும் சிரித்தாள்.

பின்னால் நின்றவன் சிறிய பாட்டிலை எடுத்து அவர் உள்ளங்கையில் பிதுக்கினான். அவர் இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தார். எல்லாருக்கும் முன்னால். தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், கண்ணு மூடிப் போச்சு. இன்னும் ஒண்ணுகூடி" என்றான் புகைப்படக்காரன்.

மறுபடி தொட்டார். மறுபடி பாட்டில். மறுபடி தேய்ப்பு. அந்த மருந்தின் குளிர்ந்த மணம் என் மூக்கில் ஏறியது. எனக்கு அந்தக் கையை வெட்டி அவர் மடியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தது. அப்படிச் செய்கிறவள் இல்லை நான். உட்கார்ந்திருந்தேன். கை அதிர்ந்துகொண்டே இருந்தது, அதற்கு வெட்கம் கிடையாது.

"இனி" என்றார் ஸ்ரீநாத் சேட்டன், "நம்முடைய அழகம்மாள் சேச்சி. இன்னைக்கு இந்த மேடையில, டயாலிசிஸ் துடங்கறேன்னு தீருமானம் சொல்லப் போறாங்க. ஒரு கைத்தட்டு."

கைத்தட்டினார்கள். அழகம்மாள் எழுந்தாள். மேடைக்கு வரவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல" என்றாள். "சாவுதேன். என் கையைத் தொட்டுட்டு எவனும் தொடச்சிக்கிட வேண்டாம்."

பின்கதவு வழியாக வெளியே போனாள். கைத்தட்டு நடுவில் அறுந்து நின்றது. ஸ்ரீநாத் சேட்டன் மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "மோளே, போ. அவளை விடாத."

பின்பக்கம் விருந்தாளிகள் கை கழுவும் நீளத் தொட்டி. வரிசையாகக் குழாய்கள். தொட்டியின் சல்லடையில் பழைய சோறும் எலுமிச்சங்காய்த் துண்டும் அடைத்துக் கிடந்தன. அழகம்மாள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். ஓங்கரித்தாள். ஒன்றும் வரவில்லை. மஞ்சளாக ஒரு நூல் மட்டும் இறங்கியது.

நான் பக்கத்தில் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்கு வந்த? சிரிக்கதுக்கா?"

"எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணிதான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "சாயா, கஞ்சி, மாத்திரைக்குக் குடிக்கிறது எல்லாம் அதுக்குள்ள. அன்னைக்கு அது தீந்துபோச்சு. அதான் குடிக்கல. சொல்லக் கூடாதுன்னு அவங்க சொல்லியிருந்தாங்க."

அழகம்மாள் வாயைத் துடைத்தாள். "ஏன் சொல்லக் கூடாது?"

"பயந்திருவீங்கன்னு."

"அப்ப என் கை நாறல?"

நல்லதாக ஒன்று சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. அன்றைக்கு நல்லது கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டைவரை வந்திருந்தது.

"நாறுச்சு" என்றேன். "ரொம்ப நாறுச்சு. எனக்கு எல்லாமே நாறும். எங்க அம்மா தலையெண்ணெய் நாறும். சோறு நாறும். என் வாய் மூத்திரம் மாதிரி நாறும், காலையில எந்திரிச்சா எனக்கே பொறுக்காது. அந்தாளு சென்ட்டும் நாறுச்சு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும். ஊசி தடிமனாக இருக்கும் என்றேன், துணி தைக்கிற ஊசி இல்லை, கோணி தைக்கிற ஊசி மாதிரி. பாதியில் காலில் தசை பிடிக்கும், கத்துவோம், நர்ஸ் கால் பெருவிரலைப் பிடித்து இழுப்பார். முடியும்போது வாந்தி வரும். எழுந்தால் கண் இருட்டும். சிறுநீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒரு நாள் நின்றேபோகும். யூசுப் இக்காவுக்கு நின்று பல வருஷம் ஆகிறது, ஊரில் கக்கூஸ் தேடாத ஒரே மனுஷன் நான்தான் என்று அவர் சொல்வார். இதெல்லாம் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. என் வாய் நாற்றம் அவள் முகத்தில் அடிக்கும் என்று நினைத்தேன், ஆனாலும் பேசினேன்.

"பொறவு என்னத்துக்குட்டி போற?" என்றாள்.

"மறுநாள் நாறாது."

"என்னது?"

"மெஷின்ல போட்டு எடுத்த மறுநாள் எதுவும் நாறாது. நல்லாச் செஞ்சிருந்தா. ஒரு நாள், சில நேரம் ஒன்றரை நாள். குழம்பு குழம்பு மாதிரி மணக்கும். அப்புறம் திரும்ப நாற ஆரம்பிச்சிரும். அப்ப திரும்பப் போகணும்."

அழகம்மாள் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உள்ளே மைக்கில் யாரோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு காக்கை டிரம்மில் இறங்கி, எங்களைப் பார்த்துவிட்டு, தன் வேலையைத் தொடங்கியது.

"ஏட்டி" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இருவது வருசமா எறால் உரிக்கேன். எல்லாரும் மூக்கைப் பொத்துவாவ. எனக்கு ஒரு நாளும் நாறுனதில்ல. சத்தியமா. எனக்கு அது ஒரு மணமாவே தெரியாது. இப்ப ரெண்டு மாசமா ஷெட்டுக்குள்ள கால் வச்சா நாறுது. கூடையைப் பாத்தாலே கொமட்டுது. உரிச்சுக்கிட்டே கக்குதேன். மேஸ்திரி பாத்தா நிப்பாட்டிருவான்னு முந்தானையை வாயில திணிச்சுக்கிடுதேன். பஸ்ல மூக்கைப் பொத்துனவளுவ சொன்னதெல்லாம் நெசந்தான் போலன்னு நெனச்சேன். நாந்தான் இத்தனை வருசம் தெரியாம நாறிக்கிட்டு இருந்திருக்கேன்னு நெனச்சேன்."

"அது நோய் அத்தை" என்றேன். "ரத்தத்துல அழுக்கு ஏறுனா அப்படித்தான் இருக்கும்."

"இத ஒருத்தனும் எனக்குச் சொல்லல. குடும்பம்னான். தைரியம்னான். நாறுறதப் பத்தி ஒருத்தனும் சொல்லல." எச்சிலைக் கூட்டித் துப்பினாள். "அது போயிருமா? எறால் நாறாம ஆயிருமா?"

"தெரியாது. எனக்குக் குழம்பு நாறாம ஆகும். எறால் தெரியாது."

"எந்தக் கையில வெட்டுவாவ?"

"இடது கையில."

"இடது கையிலதான் எறால் பிடிக்கணும். வலதுல உரிக்கணும்." இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத ஒரு இறாலைப் பிடித்து, தலையைக் கிள்ளிக் காட்டினாள். "பிடிக்க விடுவாவளா?"

"கனம் தூக்கக் கூடாது. முள் குத்தக் கூடாது. மத்ததை டாக்டர்ட்டதான் கேக்கணும்."

நான் கையைத் திருப்பி நீட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, அந்த மண்டபத்தில் எனக்குப் பழக்கமானது அது ஒன்றுதான். அழகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அத மூடு. பாத்தா வயித்தைப் பெரட்டுது."

மறு கையால் மூடிக்கொண்டேன்.

"எனக்கும்தான்" என்றேன்.

அப்போது ஸ்ரீநாத் சேட்டன் வந்தார். பின்னால் புகைப்படக்காரன். அழகம்மாளின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது, அவர் புத்திசாலி. "சேச்சி சம்மதிச்சோ? அப்போ ஒரு போட்டோ மாத்திரம். சார் கிளம்பப் போறார்."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாரேன்" என்றாள் அழகம்மாள். "மேடைக்கு வர மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைக் கூட்டி வருவேன் என்று எதிர்பார்த்தார்.

"வேண்டாம் சேட்டா" என்றேன். "இனி நானும் கை காட்ட மாட்டேன்."

அவர் முகம் சிவந்தது. புகைப்படக்காரனை உள்ளே அனுப்பினார். பிறகு தொட்டிக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டார், சல்லடையில் கிடந்த சோற்றைப் பார்க்காமல்.

"அந்த ஆள் கையைத் துடைச்சப்போ எனிக்கும் ஓக்கானம் வந்தது மோளே" என்றார். "பக்ஷே அடுத்த மாசம் டியூபுக்கு நான் அந்தக் கையைத்தான் பிடிக்கணும். நீ பிடிக்க வேண்டா. நான் பிடிச்சுக்கறேன்." உள்ளே போனார். சற்று நேரத்தில் மைக்கில் அவர் சிரிப்பது கேட்டது.

மறுநாள் அழகம்மாள் வந்தாள். இரத்தப் பரிசோதனை, கையெழுத்து, கழுத்தில் குழாய் என்று அந்த வாரம் போயிற்று. முதல் டயாலிசிஸ் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் நடந்தது. இரண்டு மணி நேரம்தான் வைத்தார்கள். முடியும்முன் அவள் எழுந்து உட்கார முயன்றாள். நர்ஸ் கிண்ணத்தோடு வருவதற்குள் வாந்தி பீறிட்டு என் போர்வையில், என் செருப்பில், தரையில் எல்லாம் தெறித்தது. இரும்பன்புளியைவிடப் புளித்த வாடை. என்னால் நகர முடியாது, நானும் கட்டுண்டு கிடந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

"நீ சொன்னது பாதிகூட இல்லட்டி, பாவி" என்றாள் அழகம்மாள், வாயைத் துடைத்துக்கொண்டே.

அடுத்த தடவை அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். என் போர்வையை மாற்றிப் போட்டிருந்தார்கள், செருப்பை நான் தூக்கி எறிந்துவிட்டேன். இயந்திரத்தை மாட்டும் நேரத்தில் அழகம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நடை தளர்ந்திருந்தது. முகத்தில் உப்பல் கொஞ்சம் வடிந்து, கன்ன எலும்பு தெரிந்தது. கழுத்தில் குழாய் போட்ட புண் ஆறும்வரை வேலைக்குப் போகக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். போகவில்லை. ஆனால் ஷெட் வாசல்வரை நடந்துபோய், உள்ளே மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நேரே இங்கே வந்திருக்கிறாள்.

"நாறுதா?" என்று கேட்டேன்.

கட்டிலில் ஏறிப் படுத்தாள். சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, கழுத்துக் குழாய் தெரியும்படி தலையை ஒருபக்கம் சாய்த்தாள்.

"நாறத்தான் செய்யுது" என்றாள். "கொஞ்சம் எட்டி நின்னு நாறுது." பிறகு நர்ஸைப் பார்த்து, "மாட்டும்மா. இன்னைக்குக் கூடக் கொஞ்ச நேரம் வையி" என்றாள்.